ரெண்டேகால் கிலோ பாரம்

“இன்னும் பதினோரு படிதாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறிடுங்க!”

தையல்காரரின் மனைவி புருஷனின் வலது கையைப் பிடித்து மேலே இழுத்தாள். இடது கையைத் தொட அவர் விடவில்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டிய பழைய சட்டை மாதிரி துவண்டு நின்றார். காற்று சிலுசிலுவென்று அடிக்கிற காலை நேரம். அவர் சட்டையை மட்டும் பிழியலாம் போல இருந்தது.

“என்னமோ பண்ணுதுடி,” என்றார். “தோள்லேருந்து தாடை வரைக்கும் கவ்வுது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. பேசாம ஆஸ்பத்திரிக்கே போயிடலாமே?”

“மெதுவா பேசுங்க. இங்க வந்து ஆஸ்பத்திரிங்கிறீங்க! யார் காதுலயாவது விழப்போவுது.”

விழுந்துவிட்டது. படிக்கட்டு முழுக்கக் காதுகள்தானே! கீழ்ப்படியிலிருந்து மேல்மாடிக் கதவு வரை சுவரோரமாக ஐம்பத்தைந்து பேர் நின்றார்கள். ஆக, நூற்றுப்பத்துக் காதுகள். இரண்டு காதுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய சரக்குதான் அன்று தட்டுப்பாடு.

“வேர்க்குதா?” என்று ஆவலோடு எட்டிப் பார்த்தார் வரிசையில் நின்ற ஒரு வழுக்கைத் தலையர். “அப்ப பாரம் கிளம்பிடுச்சு! நான் நாலு தடவை வந்துட்டேன், ஒரு சொட்டு வேர்க்கலை. குடுத்து வச்ச மனுஷன்யா நீங்க!”

குடுத்து வச்ச மனுஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார்.

மேலே, ஒரு காலத்தில் மரச்சாமான் அடுக்கி வைத்திருந்த கிடங்கில், பாரமய்யா வீற்றிருந்தார்.

பாரமய்யாவைத் தெரியாதவர்கள் பஸ்ஸில் போகாதவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பஸ்ஸின் முதுகிலும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ‘தோளில் இருப்பது வலி அல்ல, பாரம்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். யாரோ ஒருவர் உங்களைப் பார்த்து வயிறெரிந்து விடும் பெருமூச்சு, நேராக வந்து உங்கள் தோளில் உட்கார்ந்துவிடுகிறதாம். வலது தோள் என்றால் வெளியாள். இடது தோள் என்றால் சொந்தக்காரர். கழுத்து என்றால் இரண்டு கட்சியும் கூட்டணி.

இவ்வளவு தெளிவாக எந்த டாக்டராவது பேசியதுண்டா? டாக்டர் என்றால் “டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்” என்று இழுப்பார். பாரமய்யாவுக்கு டெஸ்டே வேண்டாம். ஆள் உள்ளே நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவார், எவ்வளவு கறக்கலாம் என்று.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது. மற்ற சாமியார்கள் எல்லாம் ‘நம்பு’ என்று கையேந்தினார்கள். பாரமய்யா ‘நம்பாதே, நீயே பார்’ என்றார். பார்ப்பதற்கு ஒரு தராசு வைத்திருந்தார். ஆள் ஏறி நிற்கும் பெரிய மேடைத் தராசு. சுவர்க் கடிகாரம் போல வட்ட முகம், அதில் ஒரு சிவப்பு முள். கால் முதல் தலை வரை தங்க வர்ணம் பூசி, அடியில் கம்பளம் விரித்து, இரண்டு பக்கமும் பூ ஜாடி வைத்திருந்தார்.

ஏறி நில். முள்ளைப் பார். அறுபத்தெட்டு கிலோவா? அய்யா பக்கத்தில் வந்து நிற்பார். தரையைத் துடைக்கும் நீள அங்கி. கண்ணை மூடுவார். உன் தோளுக்கு மேலே காற்றில் எதையோ கொத்தாகப் பிடிப்பார். “இறங்கு!” என்று ஒரு கத்தல். முள் நடுங்கும். அறுபத்தைந்தே முக்கால்!

ரெண்டேகால் கிலோ. ஒல்லியானவருக்கும் ரெண்டேகால். குண்டானவருக்கும் ரெண்டேகால். மாமியார் விட்ட பெருமூச்சும் ரெண்டேகால், மேலதிகாரி விட்ட பெருமூச்சும் ரெண்டேகால். உலகத்துப் பொறாமைக்கெல்லாம் ஒரே அச்சில் செங்கல் அறுத்தது போல அளவு பிசகாமல் இருந்தது. அது எப்படி என்று ஐம்பத்தைந்து பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. முள் இறங்குகிறதா இல்லையா? அப்புறம் என்ன கேள்வி!

வீட்டுக்குப் போய் வேறு மிஷினில் ஏறி நின்றால் பழைய எடையே காட்டும். அதற்கும் பதில் இருந்தது. “போற வழியில யாரோ திரும்பப் பார்த்துட்டாங்க. மறுபடியும் வா.”

சட்டதிட்டங்கள் மூன்று. நாற்பது நாள் டாக்டர் வாசலை மிதிக்கக் கூடாது. மாத்திரை போட்டால் பாரம் ரெட்டிப்பாகும். தட்டில் ஏறியவர் பாரம் இறங்காமல் பாதியில் இறங்கக் கூடாது. மீறினால் அந்த வீட்டில் ஓர் உயிர் போகும்.

இந்த மூன்றாவது சட்டத்தைத்தான் தையல்காரர் மனைவி வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஆறு நாளைக்கு முன்னால், கடை ஷட்டரைத் தூக்கும்போது அவருக்கு முதல் தடவை இந்த வலி வந்தது. பத்து நிமிஷத்தில் போய்விட்டது. தெருமுனை கிளினிக்கில் நர்ஸ் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். “நாளைக்கே ஈசிஜி எடுத்துடுங்கம்மா. இதே வலி வேர்வையோட திரும்ப வந்துச்சுன்னா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரி.”

“இருபத்தெட்டு வருஷம் மிஷின்ல குனிஞ்சு தைக்கிற தோளு. வலிக்காம என்ன செய்யும்?” என்று இவள்தான் சிரித்தாள். அந்தச் சீட்டு இன்னும் அவள் கைப்பையில் நாலாக மடிந்து கிடந்தது. மறுநாள் மாடி வீட்டுக்காரி வந்து பாரமய்யாவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனாள். இடது தோளா? சொந்தக்காரர் பொறாமை!

சொந்தக்காரர் என்றதும் அவளுக்கு வேறு முகமே தோன்றவில்லை. நாத்தனார். பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் நாத்தனார். அண்ணன் வீட்டில் புது பீரோ வந்த அன்று, “ஏன் அண்ணி, உள்ளே வைக்க ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டாளே, அந்த வாய்!

“வேர்க்கிற கேஸ் ஒண்ணு படியில உட்கார்ந்திருக்கு” என்று செய்தி மேலே போனது. உடனே வரிசையைத் தாண்டி அழைப்பு வந்துவிட்டது. வேர்வை நல்ல காட்சி அல்லவா! இரண்டு தொண்டர்கள் வந்து தையல்காரரைக் கைத்தாங்கலாகத் தூக்கிப்போனார்கள். படி ஏறும் நேரத்திலேயே ஒருவன் அவள் காதருகே பரிவாகக் கேட்டான். “யாரும்மா இப்படிப் பண்ணினது?”

“எங்க நாத்தனார்தான்.”

“என்ன தொழிலு?”

“பழைய பேப்பர் வாங்குறா.”

தொண்டன் இரண்டு படி முன்னால் ஓடினான்.

உள்ளே, சுவரோரப் பெஞ்சில் முறை வரக் காத்திருந்தவர்களில் ஒரு டீச்சர் இருந்தார். மூன்று மாதமாகத் தலை சீவக்கூடக் கை எழும்பாதவர். அவருக்குப் பக்கத்தில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர். முந்தாநாள் லாரியிலிருந்து விழுந்தவர். தோள் உருண்டையாக இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். கை தனியாக, வேறு யாருடையதோ போலத் தொங்கியது. அவருக்கும் பொறாமைதானாம். லாரியிலிருந்து விழுந்ததுகூடப் பொறாமையாலாம்.

தையல்காரரைத் தட்டில் நிறுத்தினார்கள். அவர் வட்ட முகத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். எழுபத்தொன்று.

பாரமய்யா கண்ணை மூடினார். “பெண்… ரத்த சம்பந்தம்… கையில என்ன அது? காகிதம்! கட்டுக் கட்டா காகிதம் தெரியுது!”

“அய்யோ, எங்க நாத்தனார்!” என்று அலறினாள் மனைவி. தான்தான் படியில் சொன்னோம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

“யாரு என்னைக் கூப்பிட்டது?”

கதவருகே நாத்தனார் நின்றிருந்தாள்.

வாராவாரம் அண்ணன் கடைக்கு வந்து வெட்டுத்துணி அள்ளிப்போகிறவள் அவள். இன்றைக்குக் கடை பூட்டியிருக்க, பக்கத்துக் கடை சைக்கிள்காரர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். மூன்று சக்கர வண்டியைக் கீழே போட்டுவிட்டு, வரிசையின் ஐம்பத்தைந்து வசவையும் வாங்கிக்கொண்டு ஏறி வந்திருந்தாள். இடுப்பில் செருகிய முந்தானை, மூச்சிரைப்பு. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அந்த மூச்சும் நின்றது. சாம்பல் பூத்த முகம்.

“அண்ணே! என்ன இது? எங்க வலிக்குது?”

“தோளு…” என்றார். “மூச்சு… அடைக்குது.”

“அண்ணி, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? இது தோள்வலியா? வா, தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்!”

“தொடாதே அவரை!” மனைவி குறுக்கே பாய்ந்தாள். “பண்றதையும் பண்ணிட்டு இப்ப அழுறியா? தட்டுல ஏறியாச்சு. பாதியில இறங்கினா உயிர் போயிடும். உன் பாரம்தாண்டி அது! உன் பெருமூச்சு!”

“என் பாரமா?”

“ஆமா! இப்ப பாரு, ரெண்டேகால் கிலோ இறங்கும். எல்லாருக்கும் இறங்குது. முள்ளே காட்டுது!”

நாத்தனார் சட்டென்று அண்ணி பக்கம் திரும்பினாள்.

“எவ்வளவு?”

“ரெண்டேகால் கிலோ!”

“எல்லாருக்குமா? கூடக் குறைய இல்லாம?”

“எல்லாருக்கும்!”

நாத்தனார் அப்போதுதான் தராசைப் பார்த்தாள். வட்ட முகத்தை. சிவப்பு முள்ளை. அப்புறம் குனிந்து, தங்க வர்ணத்தையும் மீறித் தெரிந்த ஒரு நசுங்கலை. அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. வெட்கம் மாதிரி. பத்து வருஷப் பழக்கத்தில் அவளுக்கு வெட்கம் என்று ஒன்று உண்டு என்பதையே அண்ணி அன்றுதான் பார்த்தாள்.

ஒரே ஒரு நொடிதான்.

“சரி,” என்றாள் நாத்தனார். “என் பாரம்தானே? நான் சொன்னா இறங்கும். அண்ணே, நீ இறங்கு.”

“கூடாது!” என்று தொண்டர்கள் கத்தினார்கள்.

“என் பொருளை நான் இறக்குறேன், உனக்கென்னடா?” அவள் அண்ணனை அணைத்துத் தட்டிலிருந்து இறக்கி, பக்கத்தில் ஜரிகைத் துணி விரித்திருந்த பெரிய நாற்காலியில் உட்காரவைத்தாள். அது பாரமய்யாவின் சிம்மாசனம். ஐம்பது தொண்டைகளிலிருந்து ‘ஐயையோ’ கிளம்பியது.

அவள் காதில் வாங்கவில்லை. மூலையிலிருந்த தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்தாள். இருபது லிட்டர், மூடி பிரிக்காத புதுக் கேன். தட்டின் மேல் தொப்பென்று வைத்தாள். முள் ஓடி நின்றது. “டீச்சரம்மா, படிங்க. எவ்வளவு?”

“இருபதே முக்கால்,” என்றார் டீச்சர், பழக்க தோஷத்தில் எழுந்து நின்று.

“பெண்ணே, இது தெய்வக் குற்றம்!” என்றார் பாரமய்யா. குரலில் தெய்வம் குறைந்து குற்றம் கூடியிருந்தது.

“கொஞ்சம் தள்ளுங்க சாமி. நீங்க நிக்கிற இடம் எனக்கு வேணும்.”

தோளாலேயே அவரை இடித்து நகர்த்தினாள். அவர் நின்ற அதே இடத்தில் நின்றாள். கண்ணை மூடினாள். கேனின் மூடிக்கு மேலே காற்றில் எதையோ கொத்தாகப் பிடித்தாள்.

“இறங்கு!”

முள் நடுங்கியது. இறங்கியது.

“ப… பதினெட்டரை!” என்றார் டீச்சர்.

கிடங்கில் இருந்தவர்கள் ஆளாளுக்கு மனக்கணக்குப் போட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பலருக்கு அதுதான் முதல் கணக்கு.

“ரெண்டேகால்,” என்றார் மூட்டைத் தொழிலாளி மெல்ல.

“ரெண்டேகால்!” என்றாள் நாத்தனார். “பாவம், தண்ணிக் கேனுக்கும் தோள்வலி! எந்தத் தோள்னு யாராச்சும் காட்டுங்கய்யா. யார் விட்ட பெருமூச்சு? பக்கத்து வீட்டுக் கேனா?”

அவள் கம்பளத்தில் ஊன்றியிருந்த காலை எடுத்தாள். முள் இருபதே முக்காலுக்கு ஏறியது. வைத்தாள், இறங்கியது. எடுத்தாள், ஏறியது. அப்புறம் குனிந்து கம்பளத்தின் முனையைப் பிடித்து ஓர் உதறு. தராசின் அடியிலிருந்து நாக்கு மாதிரி ஒரு சின்ன இரும்புக் கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் வைக்கிற இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

“அது… பாரத்தைப் பிடிக்கிற கொக்கி!” என்றார் பாரமய்யா.

“பிடிச்சுத் தொங்கு,” என்றாள் அவள்.

தையல்காரர் மனைவிக்கு அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. அவள் கண்ணுக்கு அந்த இரும்பு நாக்கு மட்டும் தெரிந்தது. கை தானாகக் கைப்பைக்குள் போய், நாலாக மடிந்த சீட்டைத் தொட்டது. ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க என்றாளே நர்ஸ்! ஆறு நாள்! ஆறு நாளாகச் சுமந்தாளே இந்தச் சீட்டை! இந்த வீட்டில் பாரம் சுமந்தது இவள் கைப்பைதான்.

“என்னங்க…” என்று அவள் அவர் கையைப் பிடித்தாள். “எந்திரிங்க, போயிடலாம்…”

“நடக்க விடாதே!” நாத்தனார் அதட்டினாள். “நாற்காலியோட தூக்குங்கடா! நீ, அப்புறம் நீ! இவ்வளவு நாள் காத்தைத் தூக்கினீங்கல்ல, இன்னைக்கு ஒரு மனுஷனைத் தூக்குங்க!”

தொண்டர்கள் தூக்கினார்கள். எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். மூட்டைத் தொழிலாளி தொங்கும் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். “பக்கவாட்டுல திருப்பு… படி பார்த்து… தலைமாடு உசத்தி!” ஆயுளுக்கும் மூட்டை இறக்கியவர், ஜரிகை நாற்காலியைப் படியிறக்கினார். வரிசையில் நின்றவர்கள் சுவரோடு சுவராக ஒட்டி வழிவிட்டார்கள். வழுக்கைத் தலையர் மட்டும் கேட்டார். “ஏம்ப்பா, அய்யாவோட ஆசனத்துலயே உட்காரவச்சு அனுப்புறாங்களே, அதுக்குத் தனி டிக்கெட்டா?”

கீழே, ஆம்புலன்ஸ் கூப்பிட யாரோ போனைத் தேடிக்கொண்டிருக்க, வாசலிலேயே பாரமய்யாவின் பெரிய வெள்ளைக் கார் நின்றது. அதன் கண்ணாடியில் ‘பாரம் இறக்கப்படும்’ என்று எழுதியிருந்தது. டிரைவர் இடது கையால் வலது தோளைப் பிசைந்தபடி எட்டிப் பார்த்தான்.

“பெரிய ஆஸ்பத்திரி, அஞ்சு நிமிஷம்தான். வருவியா தம்பி?”

“ஏத்துங்கக்கா. நானே மத்தியானம் அங்கதான் போகணும். ரெண்டு வாரமா தோள்வலி, டாக்டரைப் பார்க்க நம்பர் போட்டிருக்கேன்.”

“மேல உங்க அய்யா இருக்காரே. அவர்கிட்ட காட்டலையா?”

“ஐயோ அக்கா,” என்றான் டிரைவர் சாவியைத் திருகியபடி. “எனக்கு நிஜமாவே வலிக்குது.”

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கண்ணாடி எழுத்தைப் படித்துவிட்டு, “லோடு வண்டியெல்லாம் பின்பக்கம்!” என்று கையைக் காட்டினார். நாத்தனார் ஜன்னல் வழியாக விட்ட ஒரு சத்தத்தில் கதவு இரண்டு பக்கமும் திறந்துகொண்டது.

அதன்பிறகு ஸ்ட்ரெச்சர், ஈசிஜி, ஊசி, ஓடும் செருப்புச் சத்தங்கள். ஒரு கதவு மூடிக்கொண்டது. அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த விளக்கு அணைந்தபோது வெளியே வந்த டாக்டரம்மா, முதலில் நல்ல செய்தியைச் சொன்னார். “ரத்தக் குழாய்ல அடைப்பு. எடுத்தாச்சு. பிழைச்சுட்டார். ஆனா இன்னும் ரெண்டு நாள் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பார்க்கணும்.” அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திட்ட ஆரம்பித்தார்.

“ஆறு நாளா என்னம்மா பண்ணினீங்க?”

“தோள்வலிதானேன்னு…” மனைவி கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தாள்.

“தோள்வலிக்கெல்லாம் அலறியடிச்சு ஓடிவாங்கன்னு நானும் சொல்லலை. அதிகமா வேலை செஞ்சா வலிக்கும். கைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தா ரெண்டு வாரத்துல தணியும். தணியலையா, நிதானமா வந்து காட்டுங்க. விழுந்து தோள் இடம் மாறிட்டாலோ, கை தூக்கவே வரலைன்னாலோ, சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடிச்சாலோ, அன்னைக்கே வரணும். ஆனா வேர்த்துக் கொட்டி, மூச்சடைச்சு, தாடை வரைக்கும் இழுக்குதுன்னா, அது தோளே இல்லைம்மா. நெஞ்சு. அதுக்குத் தனியா வாய் இல்லை, தோளை இரவல் வாங்கிக் கூப்பிடுது. நீங்க என்னடான்னா எடை போட்டுப் பார்த்திருக்கீங்க!”

திட்டு முடிகிற நேரத்துக்கு மூட்டைத் தொழிலாளி வந்து சேர்ந்தார், டீச்சரோடு. அவர் தோளைப் பார்த்த டாக்டரம்மா, “இது எத்தனை நாளா?” என்று கத்தி அடுத்த கச்சேரியை அங்கே தொடங்கினார்.

உள்ளே போவதற்கு முன் தொழிலாளி மிச்சக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் போனார். பாரமய்யா பின்பக்கப் படியில் இறங்கி ஓடப் பார்த்தாராம். நீள அங்கி காலைத் தடுக்கி, விழுந்த வேகத்தில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு ‘டாக்டர், டாக்டர்’ என்று கத்தினாராம்.

“கூட்டமெல்லாம் கலைஞ்சு போச்சா?” என்று கேட்டாள் நாத்தனார்.

“பாதி கலைஞ்சுது. மீதி அங்கேயேதான் நிக்குது,” என்றார் டீச்சர் வெறுப்பாக. “அந்த வழுக்கைத் தலையர் தண்ணிக் கேனை எடுத்து வச்சுக்கிட்டு எல்லாருக்கும் ஒவ்வொரு வாய் ஊத்துறார். பாரம் இறங்கின தண்ணியாம். வரிசை பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிடுச்சு.”

டீச்சர் தன் தோளுக்கு நம்பர் வாங்கப் போனார். வராந்தா பெஞ்சில் அண்ணியும் நாத்தனாரும் மட்டும் மிஞ்சினார்கள். நாலாக மடிந்திருந்த சீட்டு இப்போது அண்ணியின் மடியில் விரிந்து கிடந்தது.

“என்னை மன்னிச்சுடு,” என்றாள் அண்ணி. “உன்னைப் போய் சொன்னேனே. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

“விடு அண்ணி.”

“நீ மட்டும் வரலைன்னா…” அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை வடிந்ததும், நியாயமாக வர வேண்டிய ஒரு கேள்வி அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு வந்தது. “ஆமா, ஒண்ணு கேக்கணும். அந்தக் கட்டை கம்பளத்துக்கு அடியிலதானே இருந்துச்சு. உள்ள வந்து ரெண்டு நிமிஷம் ஆகலை, நீ குனிஞ்சுகூட தேடலை. நேரா போய் நின்னே, காலை வச்சே. எப்படித் தெரியும் உனக்கு?”

நாத்தனார் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். காலையில் தராசின் முன்னால் வந்து போன அதே முகம் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை போகவில்லை.

“பச்சை கலர்ல ஒரு தராசு இருந்துச்சே என் கடையில. ஞாபகம் இருக்கா?”

“நீ தூக்கிப் போட்டுட்டு எலெக்ட்ரானிக் வாங்கினியே, அதுதானே?”

“தூக்கிப் போடலை. வித்தேன். வாங்க வந்த ஆள் அடியெல்லாம் தடவிப் பார்த்தான். கட்டையைக் கண்டுபிடிச்சுட்டான். மிதிச்சா எவ்வளவு குறையும்னு கேட்டான். ரெண்டேகால் கிலோன்னு சொன்னேன். ‘போதும்’னான்.”

அண்ணிக்கு ஒரு கணம் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாமே புரிந்தது. பத்து வருஷம். மாதா மாதம் கயிறு கட்டி, முதுகு வலிக்கத் தூக்கிப்போன பேப்பர்க் கட்டுகள்.

“அடிப்பாவி! சொந்த அண்ணன் வீட்டுப் பேப்பர்லயுமா?”

“அந்தப் பயல் நம்மகிட்ட ஒரே ஒரு நிஜம் சொன்னான் அண்ணி. ரத்த சம்பந்தம், பொம்பளை, கையில காகிதம். அந்த ரெண்டேகால் கிலோ என்னோடதுதான்.”

“நான் பக்கத்துலயே நின்னேனேடி! ஒவ்வொரு தடவையும் கண்ணை எடுக்காம முள்ளையே பார்த்துக்கிட்டு நின்னேனே!”

“பார்த்தே அண்ணி, பார்த்தே,” என்றாள் நாத்தனார். “இன்னைக்கும் ஐம்பத்தஞ்சு பேர் முள்ளைத்தான் பார்த்தாங்க. ஒருத்தராவது காலைப் பார்த்தீங்களா?”